பெயர் போன ஆறு

கண்காட்சி வியாழனோடு முடிந்துவிட்டது.
விமானம் சனிக்கிழமை.
நடுவில் ஒரு வெள்ளி
எங்கும் செல்லாத சில்லறைபோல்
பையில் கிடந்தது.

மியூனிக்கில் நான் ஏறினேன்,
பிளாட்லிங்கில் தர்மினி.
எங்கள் பனியனை வாங்கி விற்கிறவரின் தங்கை.
குரல்தான் பழக்கம், முகம் புதிது.
"நீங்கள்தானே திருப்பூர்?" என்றாள்
ஊரே வந்து உட்கார்ந்திருப்பதுபோல்.
காகிதப் பையில் நாலு பிரெட்சல்,
கடித்துக்கொள்ளப் பொரித்த மோர்மிளகாய்.
எதிர் இருக்கைக்காரர் தும்மினார்.
"கெசுண்ட்ஹைட்" என்று வாழ்த்தினாள்,
தும்ம வைத்தவளே.

சன்னலில் டான்யூப் வந்தது, போனது,
சோளக்கொல்லைக்குப் பின்னால் ஒளிந்தது.
ஃபில்ஸ்ஹோஃபன் தாண்டியதும்
ரயிலோடு ஒட்டிக்கொண்டு
விடவேயில்லை.

பஸ்ஸாவில் அவள் முதலில் காட்டியது
பேராலயம் இல்லை, மலைக்கோட்டை இல்லை.
நகரசபைக் கோபுரத்தின் சுவர்.
பிள்ளைகளின் உயரத்தைக் கதவுநிலையில் குறிப்பதுபோல்
வெள்ளத்தின் உயரத்தைக் குறித்திருக்கிறார்கள்,
கோடு கோடாக, ஆண்டு போட்டு.
ஆயிரத்து ஐந்நூற்று ஒன்றுதான் நெடியது.
இரண்டாயிரத்துப் பதின்மூன்று
அதன் காது வரை வளர்ந்திருக்கிறது.
கையை நீட்டினேன், எட்டவில்லை.
குதித்தேன்.
ஐஸ்கிரீம் தின்ற ஒரு சிறுவன்
என்னைப் பார்த்து அவனும் குதித்தான்.

அந்த ஜூனில் அவள் இங்கேதான் வேலை,
ஒரு முதியோர் இல்லத்தில்.
பதினொரு பேரை நாற்காலியோடு
மாடிக்குத் தூக்கினார்களாம்.
"பியானோவை விட்டிட்டம்.
அது தன்ரபாட்டுக்கு மிதந்துது.
சுவரில இடிக்கேக்க சத்தம் வரும்.
ஒருத்தருக்கும் நித்திரையில்லை."

முனைக்கு நடந்தோம்.
எங்கள் பக்கம் இதைக் கூடுதுறை என்போம் என்றேன்.
பவானியில் மூன்றாவது ஆறு கண்ணுக்குத் தெரியாது,
நம்பத்தான் வேண்டும்.
இங்கே அந்தச் சிரமம் இல்லை:
இடப்பக்கம் இல்ஸ், இரண்டாம் டிக்காஷன்.
நடுவே, நீலம் என்று கேள்விப்பட்டிருந்த டான்யூப்,
பாசிப்பயறு ஊறிய தண்ணீர்.
வலப்பக்கம் ஆல்ப்ஸ் பனியைக் கரைத்துக்கொண்டு
இன்,
பால் விட்ட பச்சை.
பாகம் பிரித்த பின்னும்
ஒரே வீட்டில் குடியிருக்கிற அண்ணன் தம்பிகளாய்
கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடுகின்றன.

"தண்ணி கூட இன்னிலதான்" என்றாள்.
"ஆனா இதுக்கங்கால அதுக்குப் பேரில்லை."

டான்யூப் பெயர்போன ஆறு.
இன்னும்
பெயர் போன ஆறு.

அநியாயம் என்றேன்.
சிரித்தாள். "நானும் இஞ்ச கந்தவனம்தான்."
குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில்
அப்பாவை எழுதிக் கொடுத்தவள்.
வங்கியில் ஃபிராவ் கந்தவனம்,
வேலையில் ஃபிராவ் கந்தவனம்,
வாசல் மணிக்குப் பக்கத்தில் வெறும் கந்தவனம்.
"அப்பா பிளேனே ஏறினதில்லை.
கரண்ட் பில் முழுக்க அவருக்குத்தான் வருது.
மகளும் அம்மப்பான்ர பேரிலதான் கையெழுத்து வைக்கிறாள்."

என் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலி.
இறங்கிய அன்று அதிகாரி அதை விரலால் தடவிப் பார்த்தார்,
அழுக்கை நீக்கினால் அடியில் ஏதாவது இருக்கும் என்பதுபோல்.
அதைச் சொன்னேன்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள்.
கீழே ஒரு வாத்து
பச்சையிலிருந்து பழுப்புக்கு நீந்திப் போனது,
யாரையும் கேட்காமல்.

அப்புறம் இல்ஸ் கரையோடு ஹால்ஸ் வரை,
ஈர மரங்களின் வாசத்தில்,
பேசாமல்.

திரும்பும் ரயிலில் இருட்டு.
பிளாட்லிங்கில் இறங்கினாள்.
கதவு மூடுமுன் "தர்மினி!" என்று கத்தினேன்,
சொல்ல ஒன்றுமில்லாமல்.
சட்டென்று திரும்பினாள்.
"ஓம்?"
நான் விழித்தேன்.
"மிளகாய்ப் பையை மறந்திட்டன் எண்டா
வைச்சிருங்கோ" என்றாள்.
இருக்கையைப் பார்த்தேன்.
இருந்தது.